பத்துமலைப் படிகள் யாருக்கு? மின்படிக்கட்டு யாருக்கு?



2024-ஆம் ஆண்டு தைப்பூசத்தையொட்டி ஒரு செய்தி வந்தது. பத்துமலையில் மேல்குகைக் கோயிலுக்குச் செல்ல நகரும் மின்படிக்கட்டு அமைக்கத் திட்டமிட்டிருப்பதாகத் தேவஸ்தானம் அறிவித்தது. அந்த வாரம் சாப்பாட்டுக் கடைகளில் அதுதான் பேச்சு. நான் பசியாறிக்கொண்டிருந்த கடையிலும் இரண்டு பேர் சூடாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல காரியம்ங்க. எங்கம்மா மேல போய் முருகனைப் பார்த்து பல வருஷம் ஆச்சு" என்றார் ஒருவர். "272 படி ஏற மாட்டேன்னா அப்புறம் என்ன பக்தி?" என்றார் மற்றவர்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இருவரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அந்த மின்படிக்கட்டில் ஏறி நிற்கப்போவது யார்? முழங்கால் தேய்ந்த அம்மாவா, இருபத்தைந்து வயது மகனா?

இந்தக் கேள்வி பத்துமலைக்கு மட்டும் உரியதன்று. மின்தூக்கி, கார், வீட்டு வாசலுக்கே வரும் சாப்பாடு என்று தினமும் நாம் தொடும் ஒவ்வொரு வசதிக்கும் இதே கேள்வி உண்டு. உடலால் செய்ய முடிந்ததை, வசதி வந்துவிட்டது என்பதற்காக விட்டுவிடலாமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வசதி நமக்குப் பகையா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழங்காலம் எல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பத்துமலையில் 1892-ஆம் ஆண்டிலிருந்து தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. மரப்படிகள் போடப்பட்டது 1920-ல். அதுவரைக்கும் பக்தர்கள் மலைப்பாதையில்தான் ஏறினார்கள். பிறகு மரப்படிகள் காங்கிரீட் படிகளாயின. ஆக, இன்று நாம் புனிதமாக நினைக்கும் அந்தப் படிகளே ஒரு காலத்தில் புதிய வசதிதான். "படி எதற்கு, பாறையைப் பிடித்து ஏறு" என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.

எனவே வசதி வருவது தவறில்லை. வசதி வந்த பிறகு நாம் என்ன ஆகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் உடல் வருந்தி உழைத்தது விருப்பப்பட்டு அல்ல. வேறு வழியில்லை. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே உழைப்பில் வந்த பெயர்தான். 1881-ல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, பலகையும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல் கட்டடங்கள் வேண்டும் என்று முடிவானது. அந்தச் செங்கல்லை அறுத்துச் சுட்ட இடம் இது. பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போட்டதிலும் அதைப் பராமரித்ததிலும் தமிழர் உழைப்பு இருக்கிறது.

தோட்டத்தில் இருந்தவர்கள் கதை உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். இருட்டு விலகுவதற்குள் பெரட்டுக்குப் போய் நின்று, ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரங்களுக்குப் பால் வெட்டி, தோளில் கட்டை போட்டு இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு நடந்து வந்தவர்கள் நம் பாட்டிமார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மி, ஆட்டுக்கல், கிணற்றடி.

கிள்ளானில் ஆற்றின் குறுக்கே இருக்கும் பழைய கோத்தா பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 1960-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட இரட்டைத்தளப் பாலம். மேல்தளம் மோட்டார் வாகனங்களுக்கு. கீழ்த்தளம் முழுவதும் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும். நடப்பவர்களுக்காக ஒரு தளத்தையே கட்ட வேண்டிய அளவுக்கு அன்று மக்கள் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள்.

1985-ல் புரோட்டோன் சாகா வந்தது. சாதாரணக் குடும்பங்களும் கார் வாங்க ஆரம்பித்தன. 2023 முடிவில் இந்த நாட்டில் பதிவான வாகனங்கள் 36 மில்லியனைத் தாண்டிவிட்டன. மக்கள்தொகையை விட வாகனங்கள் அதிகம்!

ஓர் அம்மா கேட்ட கேள்வி

சில காலத்துக்கு முன் கிள்ளானில் ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் பேசிவிட்டு, "கொஞ்சம் நடங்கள், படி ஏறுங்கள், கைவேலை செய்யுங்கள்" என்றேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து நின்றார்.

"ஐயா, எங்க பாட்டி பால் மரம் வெட்டுனாங்க. எங்க அம்மாவும் வெட்டுனாங்க. அவங்க பட்ட கஷ்டம் எங்களுக்கு வேண்டாம்னுதானே எங்களைப் படிக்க வச்சாங்க? இப்ப மறுபடியும் கஷ்டப்படுங்கன்னு சொல்றீங்களே, இது நியாயமா?"

மண்டபமே அமைதியாகிவிட்டது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. அந்த அம்மா கேட்டது சத்தியமான கேள்வி.

அன்றைக்கு நான் சொன்ன பதிலையும், பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டதையும் இங்கே சொல்கிறேன். அம்மா, உங்கள் பாட்டி பட்டது கட்டாய உழைப்பு. ஓய்வு இல்லை, ஏற்ற கூலி இல்லை, உடம்புக்கு முடியாத நாளிலும் போக வேண்டும். அந்த வாழ்க்கைக்கு யாரும் திரும்ப வேண்டாம். நான் சொல்வது நாமே தேர்ந்துகொள்ளும் அரை மணி நேரம். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. தோட்ட வேலை நம்மை விட்டுப் போனது. தோட்ட வேலைக்குச் சாப்பிட்ட சோறு நம்மை விட்டுப் போகவில்லை. தட்டில் அதே அளவு சோறு. கூடவே இனிப்புப் பால் ஊற்றிய தே தாரிக், ராத்திரி பத்து மணிக்கு ரொட்டி சானாய். வேலை மட்டும் நாற்காலியில்.

அதன் விலையை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம். சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர். ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குப் போதிய உடலசைவு இல்லை. 2019 ஆய்வில் இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர். மற்ற இனங்களைவிட அதிகம். புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் இனிப்புநீர்தான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பது சாதாரணக் கஷ்டமா? பாட்டி தோட்டத்தில் பட்ட கஷ்டம் வேண்டாம் என்று சொல்லும் நாம், டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்கார வேண்டுமா?

தசை செய்யும் வேலை

"அப்படியானால் உடம்பை வருத்தினால் எடை குறைந்துவிடும், அதனால் நோய் வராது, அப்படித்தானே?" என்று சிலர் கேட்பார்கள். அது முழு உண்மையில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துமலைப் படி ஒன்று 15 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், 272 படிகள் சுமார் 40 மீட்டர். ஒரு 13 மாடிக் கட்டடம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு முறை ஏறினால் அவர் செலவழிப்பது 25-லிருந்து 30 கலோரிதான். ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. ஒரு ரொட்டியைக் கரைக்கப் பத்துத் தடவை மலை ஏற வேண்டும்! ஆகவே "படி ஏறிவிட்டேன், இனி இஷ்டம்போல் சாப்பிடலாம்" என்று நினைப்பவர் ஏமாந்து போவார்.

பிறகு எதற்கு ஏற வேண்டும்? தசைக்காக.

நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசைகள். தசையின் கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். இனிப்புநீர்க்காரர்களுக்கு அந்தச் சாவி சரியாக வேலை செய்வதில்லை; கதவு திறப்பதில்லை; சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலேயே அந்தக் கதவு வேறு வழியில் திறந்துகொள்கிறது. காலும் தொடையும் உடம்பின் பெரிய தசைகள். நடந்தால், படி ஏறினால், குந்தி எழுந்தால் அவை வேலை செய்கின்றன. அதனால்தான் சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலும் ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது.

நம் இந்திய உடல்வாகில் இது இன்னும் முக்கியம். அதிகப் பருமன் இல்லாமலே, இளவயதிலேயே நமக்கு இனிப்புநீர் வந்துவிடுகிறது. தசை குறைவு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம்.

இதற்கு ஆதாரம் உண்டா? உண்டு. லண்டன் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் இரட்டைத்தளப் பேருந்தின் படிகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கால் வைத்து ஏறி இறங்குவார். டாக்டர் ஜெர்ரி மோரிஸ் இந்த இரண்டு தரப்பையும் ஒப்பிட்டு 1953-ல் ஆய்வு வெளியிட்டார். மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் ஓட்டுநர்களைப்போல் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இருந்தது குறைவு. ஒரே பேருந்து, ஒரே புகை, ஒரே ஊர். பெரிய வித்தியாசம் அந்தப் படிகள்.

நம்மவர்களிடம் நடந்த ஆய்வு வேண்டுமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், இனிப்புநீர் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு இனிப்புநீர் வந்தது. உணவுக் கட்டுப்பாடும் அன்றாட நடையும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான், அதிகமில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏற்கெனவே உடலுழைப்பு செய்பவர்களையும், வேலைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களையும், "தனியாக உடற்பயிற்சி வேண்டாம், செய்வதைத் தொடர்ந்து செய்யுங்கள்" என்றுதான் சொன்னார்கள். அன்றாட வேலையே போதுமான பயிற்சி.

எவ்வளவு நடக்க வேண்டும்? பத்தாயிரம் அடி என்பது 1960-களில் ஜப்பானில் நடையை எண்ணும் கருவி விற்றவர்கள் பிரபலமாக்கிய எண். 2025-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு 7,000 அடி நடந்தாலே பெரும்பகுதி நன்மை கிடைத்துவிடுகிறது என்று தெரிந்தது. 2017-ல் வெளிவந்த ஓர் உலக ஆய்வில் கைத்தொலைபேசிகளின் கணக்குப்படி மலேசியர்களின் சராசரி நாலாயிரம் அடிக்கும் சற்றுக் குறைவு. ஆக, நமக்குத் தேவை இன்னும் மூவாயிரம் அடி. அரை மணி நேர நடை.

நமது சுகம், யாருடைய சுமை?

இதுவரை நம் உடம்பைப் பற்றிச் சொன்னேன். இனி அடுத்தவர் உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வசதி வந்தால் உழைப்பு மறைந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது மறைவதில்லை. வேறு ஒருவர் தோளுக்கு மாறுகிறது. ஐந்நூறு மீட்டர் தூரத்தில் கடை இருக்கிறது. கைத்தொலைபேசியில் தட்டுகிறோம். கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் பொட்டலத்தோடு வருகிறார். நம் நடை அவருடைய ஆபத்தாகிவிட்டது. அவருக்கும் பிழைப்பு வேண்டும், வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடந்து போகக்கூடிய தூரத்துக்கும் ஆள் வேண்டுமா என்பதே கேள்வி.

பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கையில் வெள்ளைக் கோலோடு நடந்து போகும் சகோதரர்களை அங்கே தினமும் பார்க்கலாம். அவர்களுக்காகத்தான் நடைபாதையில் மேடு வைத்த ஓடுகள் பதித்திருக்கிறார்கள். துன் சம்பந்தன் சாலைக்குச் சாமான் வாங்கப் போகும் நாம் என்ன செய்கிறோம்? "அஞ்சு நிமிஷம்தானே" என்று கடை வாசலில், அந்த ஓடுகளின் மேலேயே காரையோ மோட்டார் சைக்கிளையோ ஏற்றி நிறுத்துகிறோம். தூரத்தில் நிறுத்திவிட்டு இருநூறு மீட்டர் நடக்க நமக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்காகக் கண் தெரியாத ஒருவர் சாலையில் இறங்கி வாகனங்களுக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கிறது.

ரயில் நிலையங்களிலும் இதே கதைதான். சக்கர நாற்காலியில் ஒருவர் மின்தூக்கிக்குக் காத்திருப்பார். உள்ளே பார்த்தால் ஓடி ஆடும் இளைஞர்கள் நிறைந்திருப்பார்கள்.

அதனால்தான் ஆரம்பத்தில் கேட்டேன், மின்படிக்கட்டு யாருக்கு என்று. முடியாதவருக்கு அது வசதியல்ல, உரிமை. எழுபது வயது அம்மா அதில் ஏறி முருகனைப் பார்க்கட்டும். முடிந்தவர் படியில் ஏறட்டும். இடத்தை அந்த அம்மாவுக்கு விட்டுக் கொடுப்பதும் ஒரு காணிக்கைதான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

"சொல்வது எளிது, கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே நடப்பது?" என்று கேட்பீர்கள். நியாயம். வெயில் சுடுகிறது. சாயங்காலமானால் மழை. பல இடங்களில் நடைபாதையே இல்லை. இருக்கும் இடத்தில் கைப்பை பறிக்கும் திருடர் பயம். இவற்றைச் சரிசெய்ய நகராண்மைக் கழகங்களைக் கேட்க வேண்டியது நம் கடமை. நடப்பவர்கள் குறைந்தால் கேட்பவர்களும் குறைவார்கள். அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது காரை விட்டுவிட்டுக் கொமுட்டர் ரயிலில் போய்ப் பாருங்கள். நிலையத்துக்குப் போவதும் வருவதும் நடைதான். இரண்டு மூன்று மாடி என்றால் மின்தூக்கியின் பொத்தானை அழுத்த வேண்டாம். காலையில் எட்டு மணிக்கு முன், மாலையில் ஆறு மணிக்குப் பின் நடங்கள். மழையென்றால் கூரை உள்ள பேரங்காடிக்குள் சுற்றுங்கள், வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள், பேச்சுத்துணையும் ஆயிற்று.

வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் சட்னியை அம்மியில் அரையுங்கள். நான் சொல்வது வீட்டுப் பெண்களுக்கு மட்டும் அல்ல. அம்மியைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் தொலைக்காட்சி முன் உட்காருவது பழைய அநியாயம். அண்ணன் அரைக்கட்டும், தம்பி கார் கழுவட்டும், அப்பா குந்தி உட்கார்ந்து தரை துடைக்கட்டும். இனிப்புநீர் ஆண் பெண் பார்த்து வருவதில்லை.

சில எச்சரிக்கைகளும் தேவை. படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ அதிக மூச்சிரைப்போ இருந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். இனிப்புநீரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நகரத்து மாரியம்மன் கோயிலிலிருந்து ரதத்தோடு பத்துமலை வரை நடப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். சுட்டெரிக்கும் தார்ச்சாலை காலைப் புண்ணாக்குவது அவர்களுக்குத் தெரியாமலே போகும். முருகன் காலைக் கேட்கவில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தாலும் தசைக்கு வேலைதான்.

அந்தக் கிள்ளான் அம்மாவிடம் கூட்டம் முடிந்ததும் போய்ப் பேசினேன். "உங்க பாட்டிக்கு எத்தனை வயசு வரைக்கும் நடமாட்டம் இருந்தது?" என்று கேட்டேன். "கடைசி வரைக்கும் தானே எழுந்து தானே குளிச்சாங்க" என்றார். "உங்களுக்கு?" என்றேன். அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். "மாடிக்கு ஏறவே முடியலீங்க, எனக்கு ஐம்பத்திரண்டுதான்" என்றார்.

பாட்டிக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு பதினைந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். நாளைக்கும் அதையே செய்யுங்கள். அடுத்த தைப்பூசத்தில் படியா, மின்படிக்கட்டா என்று உங்கள் கால்களே சொல்லும்.